கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்

பதினேழு நாளாகக் கோயம்புத்தூரிலிருந்து யாரும் வரவில்லை. வெள்ளைத்துரை அண்ணாச்சிக்கு அந்தப் பதினேழு நாளும் சோறு இறங்கவில்லை.

வருவது என்றால் வீட்டுக்கு வருவது இல்லை. அவருடைய பட்டாசுக் கம்பெனியின் வெப்சைட்டுக்கு வருவது. சிவகாசியில் ஆபீஸ், தாயில்பட்டிப் பக்கம் ஆலை, நாற்பது வருஷத் தொழில். அப்படிப்பட்ட மனிதர், பல் விளக்குவதற்கு முன்னால் போனை எடுத்து நேற்று எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வெப்சைட்டைத் திறந்தார்கள் என்று பார்க்கிற ஆளாகிப் போனார். சென்னை நாற்பது, பெங்களூர் இருபது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தேடுவது ஒரே ஒரு வரியை. கோயம்புத்தூர், ஒருவர், மாலை நாலு மணி, பழைய லேபிள்கள் பக்கம்.

அந்தப் பக்கத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். பட்டாசுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்ததும் போட்டோ எடுத்து, பெட்டி மேல் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள். வெள்ளைத்துரைக்கு ஒரே மகள், பிரீத்தி. மூன்று வயதில் நீலக் கவுனும் ரெட்டைக் குடுமியுமாகக் கம்பி மத்தாப்புப் பெட்டியில் ஏறியவள், இருபது வருஷம் அங்கேயே நின்று சிரித்தாள். காலேஜில் படிக்கும்போது கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுத்ததும் அவள்தான். பழைய லேபிள்களை எல்லாம் ஸ்கேன் எடுத்து ஒரு பக்கத்தில் அடுக்கியதும் அவள்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள், லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பையனோடு போய்விட்டாள். பையன் வேறு சாதி. அதற்கு இந்த மனிதர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம்தான் வரும். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலைமுழுகினார். லேபிளில் இருந்து அவள் படத்தை எடுத்துவிட்டு ஒரு கிளியைப் போட்டார். வெப்சைட்டில் அந்தப் பக்கத்துக்குப் போகிற வழியை மறைக்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அவள் போன் செய்தாள். "அப்பா" என்று மட்டும்தான் கேட்டது. வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை.

மறைத்த பக்கம் அழிந்துவிடவில்லை. முகவரி தெரிந்தவர்கள் போகலாம். தெரிந்தது யாருக்கு? செய்தவளுக்குத்தானே! போன பங்குனியில்தான் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் மகேஷ்குமார் ஊர்வாரியாகக் கணக்கு அனுப்ப ஆரம்பித்தான். அதில் அந்த வரி கண்ணில் பட்டபோது அண்ணாச்சி அதை நாலு தடவை படித்தார். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தினமும் நாலு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் அந்த நீலக் கவுன் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார்.

கோயம்புத்தூருக்கே போய்ப் பார்த்தார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் நின்று, போகிற வருகிற பெண்களின் முகத்தை எல்லாம் உற்றுப் பார்த்து, ஒரு போலீஸ்காரரிடம் வசவும் வாங்கிக்கொண்டு திரும்பினார். மனைவி பத்திரகாளியிடம் ஆர்டர் விஷயமாகப் போனதாகச் சொன்னார். மகளை விரட்டிய வாயால் மகளைத் தேடிப் போனேன் என்று எப்படிச் சொல்வது?

பிறகுதான் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, பாஸ்வேர்டு போட்டால் லேபிள் விவரம் எழுத இடம் இருந்தது; மகேஷ்குமாரிடம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார். நீலக் கவுனுக்குக் கீழே "சாப்பிட்டாயா?" என்று போட்டார். நாலு நாள் கழித்து, "உடம்பைப் பார்த்துக்கொள்." அப்புறம், "கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது." அதற்கும் கீழே "அப்பா" என்று எழுத மட்டும் விரல் வளையவில்லை. வீம்பு. யார் எழுதுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, என்று விட்டுவிட்டார்.

ஆலைக்குள் போவதானால் போனை வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், முதலாளிக்கும் அதுதான் சட்டம். அதனால் ஆலைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். சீசன் நேரத்தில் மனிதர் ஆபீஸில் போனும் கையுமாகக் கிடக்கிறாரே என்று ஊரே பேசியது.

அந்த வரிதான் திடீரென்று நின்றுபோனது. மொத்தக் கணக்கும் பாதியாகச் சரிந்துவிட்டது. வராத ஆளுக்கு எழுதி என்ன என்று அவரும் எழுதுவதை நிறுத்தினார். ஆனால் மனசு நிற்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ, பிரசவமோ, இல்லை வாயால் சொல்லக் கூடாத ஏதாவதோ என்று அது போகாத இடமெல்லாம் போனது. பொறுக்க முடியாமல் விருதுநகருக்குக் காரை விட்டார், மகேஷ்குமாரைப் பார்க்க.

"ஏலே மகேஷ், எதுக்குலே கணக்கு இப்படி விழுந்துபோச்சு?"

மகேஷ்குமார் கொஞ்சம் நெளிந்தான். "விழல அண்ணாச்சி. மொதல்ல இருந்தே ஆளு இம்புட்டுத்தான். நம்மளே தெறந்து தெறந்து பாத்தா அதுவும் கணக்குல ஏறிருதுல்ல? அதான் பதினஞ்சு இருவது நாளைக்கு முன்னால ஆபீஸ் லைனையும் வீட்டு லைனையும் கணக்குல சேராம தள்ளி வச்சேன். கோவிச்சுக்கிராதீக, வந்ததுல பாதிக்குப் பாதி நீங்கதான்."

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னய விடு. கோயம்புத்தூர் ஆளு என்ன ஆச்சு? நாலு மணிக்குப் பழைய லேபிளப் பாக்குமே?"

தள்ளி வைத்ததும் சேர்த்து எல்லாம் பதிவாகிற பட்டியல் ஒன்று இருந்தது. மகேஷ்குமார் அதைத் திறந்து மேலும் கீழும் பார்த்தான்.

"அது நிக்கவே இல்லையே அண்ணாச்சி. அதே போனுதான். நேத்தும் நாலு மணிக்கு வந்துருக்கு."

"எங்கன இருந்துலே?"

"ஒங்க வீட்டுல இருந்து."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். மகேஷ்குமார் கார் வரைக்கும் பின்னாலேயே வந்து விளக்கினான். செல்போன் நெட்டில் காட்டுகிற ஊர்ப் பேரை நம்ப முடியாது, சிவகாசியில் இருந்து பார்த்தாலும் செல் கம்பெனிக்காரன் லைன் கோயம்புத்தூரில் போய் வெளியே வந்தால் கோயம்புத்தூர் என்றுதான் விழும், உங்கள் வீட்டில் வைஃபை போட்டதே அந்தச் சமயத்தில்தானே, அதுவரை அந்தப் போன் செல் நெட்டில் இருந்திருக்கும், அப்புறம் நான் தள்ளி வைத்த வீட்டு லைனுக்கு மாறியிருக்கும். அண்ணாச்சிக்குக் காதில் விழுந்தால்தானே!

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் மனசில் அது ஒன்றுதான் ஓடியது. தனக்குப் பயந்துகொண்டு பத்திரகாளி அவளை மாடி அறையில் ஒளித்து வைத்திருக்கிறாள், தான் ஆபீஸ் போனதும் தாயும் மகளுமாக உட்கார்ந்து பழைய படம் பார்க்கிறார்கள். நடக்கிற காரியமா என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. புரோட்டாக் கடையில் அப்போதுதான் கல்லில் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். பிரீத்திக்கு விருதுநகர் எண்ணெய் புரோட்டா என்றால் உயிர். நின்று நாலு பார்சல் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம், அவளைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் புதுச் செருப்பு இல்லை. மாடிக்கு ஓடினார். பிரீத்தியின் அறை பூட்டியபடியே இருந்தது, பூட்டின் மேல் தூசி. இறங்கி வந்தபோது மணி நாலு. சாப்பாட்டு மேசையில் பத்திரகாளி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கவுன்.

அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள். "கோவிச்சுக்கிராதீக. புள்ள போறப்ப என் போன்ல இத வச்சுட்டுப் போனா. ஆறு வருசமா தெனம் ஒரு வாட்டி பாத்துக்கிருவேன். நீங்க வீட்டுல இல்லாத நேரந்தான்."

வெள்ளைத்துரை பார்சலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோயம்புத்தூரில் யாரும் இல்லை. எங்கேயும் யாரும் இல்லை. மகள் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை.

அவர் திட்டாததைப் பார்த்துப் பத்திரகாளிக்குத் தைரியம் வந்தது. பக்கத்தில் வந்து போனைக் காட்டினாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். புள்ள எழுதுறா. இங்கன பாருங்க. பாஸ்வேர்டு அவகிட்டதான இருக்கு, வேற யாரு எழுதுவா? சாப்பிட்டாயான்னு எங்கிட்டதான் கேக்குறா. நானும் சாப்பிட்டேன் தாயின்னு படத்துக்கிட்ட சொல்லிக்கிருவேன். இதப் பாத்தீகளா, கோவமெல்லாம் போயிருச்சாம். அது ஒங்களுக்குத்தான்."

அவர் எழுதிய மூன்று வரிகளையும் அவருக்கே விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். பிறகு அவள் குரல் உடைந்தது.

"பதினேழு நாளா ஒண்ணும் எழுதல. எனக்கு உசுரே இல்ல. நல்லா இருக்காளான்னு மட்டும் எங்கயாச்சும் விசாரிச்சுட்டு வாங்களேன். நீங்க அவ மொகத்துல முளிக்கக்கூட வேண்டாம்."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆறு வருஷத்தில் பத்திரகாளிக்குக் கிடைத்தது இந்த மூன்று வரிதான். ஒரு தடவை போனை வைத்த மனிதர் அவர். இன்னொரு தடவை வைக்க அவரால் முடியவில்லை.

"மூஞ்சி களுவிட்டு வாரேன்," என்று எழுந்து போனார். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த போனை எடுத்தார். இதுவரை எழுதியது தகப்பன் மகளுக்கு எழுதியது. இப்போது மகளாக நின்று எழுத வேண்டியிருந்தது. "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதினார். அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று குழாய்ச் சத்தத்துக்குள் விம்மி விம்மி அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பத்திரகாளியின் சத்தம் கேட்டது. "என்னங்க! எழுதிட்டா! நல்லா இருக்காளாம்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் எதிரில் வந்து நின்றார். அவர் கண் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். சட்டைப் பையில் இன்னும் வெளிச்சம் அணையாத போனையும் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒங்களையும் கேட்டுருக்கா. அப்பா சாப்பிட்டாரான்னு."

அவர் எழுதியது இரண்டே சொல். அதற்குமேல் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"சாப்பிட்டேன்னு சொல்லிரு," என்றார் வெள்ளைத்துரை.