பிந்தி வரும் ஓசை

புது ஸ்விச்சிங் அம்ப்ளிபயர்கள் இரண்டும் கடைக்கு வந்தபோது ஹஸீபின் முதுகுதான் அதிகம் சந்தோஷப்பட்டது. பழையவை ஒவ்வொன்றும் சீமெந்து மூட்டைக் கனம். புதியதை ஒற்றைக் கையில் தூக்கலாம். நிவித்திகலயில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டு, தோட்டத்துப் படிகளில் சுமை ஏற்றியே தேய்ந்தவன் அவன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவென்றே இருந்தான் நஜீப். மனைவி ஸுமைராவின் தம்பி, கடையிலும் பங்காளி.

"இதுல ஃபேஸ் திரும்புது மச்சான்," என்றான். ஃபேஸ் என்றால் ஓசை அலையின் ஏற்ற இறக்கம். போனில் பார்த்திருக்கிறான். அம்ப்ளிபயரின் கடைசியில் ஒரு வடிகட்டி இருக்கிறதாம். அதைக் கடக்கும்போது கூரான ஓசைகள் சற்றுப் பிந்தி வருமாம்.

"எவ்வளவு பிந்தும்?"

"ஒரு செக்கன்ல லட்சத்தில ஒரு பங்குக்கும் குறைவு."

"அது எந்தக் காதுக்குடா கேக்கும்?"

"கேக்காட்டியும் பிழை பிழைதானே."

சோற்றுக்கு முன்னும் இதே பேச்சு, பின்னும் இதே பேச்சு. "அந்தக் கதய கடையில வெச்சிட்டு வாங்க" என்று ஸுமைரா ஒருநாள் கறிச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு இருவரும் போனார்கள். வயர் இழுத்து முடித்து ஹஸீப் பாட்டைப் போட்டான். முற்றத்தின் நடுவில் நின்று கேட்டால் மேளத்துக்கு வயிறே இல்லை.

"என்ன நானா, தகர டப்பா தட்டுற மாதிரி கேக்குதுங்களே?" என்றாள் தர்மிளா, திருவிழாக் கமிட்டிச் செயலாளர்.

நஜீபின் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொல்லல்லயா? ஃபேஸ்!"

ஹஸீப் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். வலப்பக்கத்தில் பழைய அம்ப்ளிபயர் உட்கார்ந்திருந்தது. நஜீப் கேட்காமலே லொறியில் ஏற்றி, கேட்காமலே மாற்றியிருக்கிறான். ஹஸீப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் வயர் இரண்டையும் இடம் மாற்றினான். மேளம் கும்மென்று எழும்பியது.

"பாத்தீங்களா, ஃபேஸ் முக்கியம்தானே?"

"நீ பழசையும் புதுசையும் கலந்ததாலடா! ஒண்டு ஸ்பீக்கர தள்ளக்குள்ள மத்தது இழுக்குது. அது முழுசாத் தலைகீழ். உன்ட வடிகட்டிக் கத வேற!"

"ரெண்டும் ஃபேஸ்தான்."

"சண்டைய அப்புறம் வச்சுக்குங்க. எத வைக்கப் போறீங்க?" என்றாள் தர்மிளா.

ஹஸீப் ஒரு ஸ்பீக்கரை நிறுத்தினான். மற்றதில் அதே பாட்டை முதலில் பழையதில், பிறகு புதியதில் போட்டான். தர்மிளா தோளைக் குலுக்கினாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க கேக்குது." நஜீபைத் திரும்பி நிற்கச் சொல்லி மறுபடி போட்டான்.

"இதுதான் புதுசு. ஜால்ரா மங்கிப் போச்சு," என்றான் நஜீப் உறுதியாக.

ஓடிக்கொண்டிருந்தது பழையது.

நஜீப் திரும்பிப் பார்த்தான். "காத்து இந்தப் பக்கமா அடிக்குது மச்சான். அதான்."

ஸ்பீக்கரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது ஹஸீபுக்கு. புதியவற்றையே இரு பக்கமும் வைத்து, வயரையும் முன்போல் மாற்றிப் பூட்டினான்.

பூசை தொடங்கியது. பஜனை கணீரென்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் போனது. யாரும் குறை சொல்லவில்லை. இனி நிம்மதியாகப் பிளேன்டீ குடிக்கலாம். ஆனால் ஹஸீபின் காது பாட்டில் நிற்கவில்லை, ஜால்ராவையே தேடிப் போனது. நேரத்துக்குத்தான் வருகிறதா? கொஞ்சம் மங்கலோ? கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான்.

"என்ன மச்சான், கேக்குதா?"

"வாயப் பொத்திக்கிட்டு இருடா!" என்று சீறிவிட்டு, ஹஸீப் ஸ்பீக்கருக்கு இன்னும் கிட்டப் போய் நின்றான்.