பலகையில் எழுதாமல் விட்ட வரி

17.9.1971, வெள்ளி. ஒரு சிறு தவறு செய்தேன். ரேடியோவின் பிளக்கை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று எழுதினேன்.

('சிறு' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும்.)

1

இந்தக் கதை ஒரு பலகையில் பிறந்தது. எங்கள் ரேடியோ ரிப்பேர் மாலை வகுப்பின் சுவரில் அது தொங்குகிறது. சந்தேகத்தைச் சீட்டில் எழுதிக் குத்திவைத்தால், தெரிந்தவர் யாராவது கீழே பதில் எழுதுவார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மேலே விதிகள் உண்டு: என்ன செட், என்ன கோளாறு, நீயாக என்ன செய்து பார்த்தாய், எல்லாம் எழுது. அவசரம் என்று எழுதாதே.

விதிகளைப் படிக்காமலே என் முதல் சீட்டைக் குத்தினேன். "ரேடியோ சரியாகப் பாடவில்லை. அவசரம்." மூத்த மாணவர் பரசுராமன் கீழே எழுதியிருந்தார்: "எனக்கும் பல் வலிக்கிறது. அவசரம்." வகுப்பே வரிசையாக வந்து படித்துச் சிரித்தது.

2

அடுத்த சீட்டை விதிகளைப் படித்துவிட்டுக் கவனமாக எழுதினேன். செட் என் அறைக்கு அடுத்த தெருவில் பட்டு நெய்யும் சபாபதியுடையது. செட்டின் வகை, வயது, சத்தம் விட்டு விட்டு வருவது, எல்லாம் எழுதினேன். பிளக்கை நான் மாற்றியதை மட்டும் விட்டேன். அதற்கும் ஒரு பல்வலி வரும் என்று பயம். "மின்கம்பியில் கை வைக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன்.

பதில் மரியாதையாகவே வந்தது. சத்தம் கூட்டும் குமிழைக் கழற்றிவிட்டு, ரேடியோ பாடும்போதே உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைக் கையால் இருபக்கமும் திருப்ப வேண்டும். மின்கம்பியைத் தொடவில்லை என்பதால் பயமில்லை.

இன்று காலை அதை அப்படியே சபாபதியிடம் சொன்னேன். தெருவில் கரண்ட் இல்லை. வந்ததும் செய்து பார்ப்பதாகச் சொன்னார்.

3

அறைக்குத் திரும்பி, பரசுராமனின் பல்லை வைத்து ஒரு வேடிக்கைக் கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "பாட்டு இல்லாவிட்டால் சபாபதிக்குத் தறி ஓடாது." (பொய். நன்றாகவே ஓடும்.)

இரண்டாவது: "பழைய பிளக் உடைந்திருந்தது. கதாநாயகன் புதியதை மாட்டினான். எந்தக் கம்பி எந்தப் பக்கம் இருந்தது என்று அவன் பார்த்துவைக்கவி

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நான் சீட்டில் எழுதாததைக் கதாநாயகன் எழுதிவிட்டான். இந்த வகை செட்டில் கம்பி இடம் மாறினால் உள்ளே இருக்கும் இரும்பு முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். முதல் வாரப் பாடம். சபாபதி உட்காருவது தறிக்குழியில். வெறுங்கால், ஈர மண்.

ஓடினேன்.

4

குமிழ் தறிக்கட்டை மேல் இருந்தது. சபாபதி குழிக்குள் உட்கார்ந்தபடி பக்கத்துப் பெட்டி மேலிருந்த ரேடியோவின் தண்டை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"நீ சொன்னமாதிரியே புடிச்சிக்கினு குந்தினு இருக்கேம்பா. கரண்ட்டுதான் வரல."

"கைய எடுங்கண்ணா."

"இன்னாபா இப்டி மூச்சு வாங்குது? நாய் தொரத்திச்சா?"

சுவரிலிருந்து பிடுங்கி, அவருடைய கத்தரியாலேயே ஒயரை வெட்டினேன். பிளக்கில் விரிசல், வேறு வாங்கி வருகிறேன் என்றேன். மறுபடியும் பொய்.

(இங்கே கரண்ட் வந்து வீட்டு பல்பு உடனே எரிவதாக எழுத எனக்கு ஆசை. கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எரிந்தது. "பாத்தியா, நீ புடுங்கினதும் வந்துட்சி" என்று சிரித்தார். டீ என் சட்டையில் சிந்தியது.)

5

ஒரு முடிவு: கதாநாயகன் உண்மையைச் சொல்கிறான், எல்லோரும் மன்னிக்கிறார்கள். நான் நம்பவில்லை.

இன்னொன்று: சீட்டு இன்னும் பலகையில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது, கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் நேற்றே அதைப் படித்துவிட்டுப் போன யாரோ ஒருவன், என்னைப் போலவே பிளக் மாற்றியவன், வீட்டில் குமிழைக் கழற்றி

இதை முடிக்க மாட்டேன். பரசுராமன் என்ன எழுதுவார் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நாளை: காலையில் சபாபதியிடம், பிளக்கில் விரிசல் இல்லை என்று சொல்ல வேண்டும். மாலை, கதவு திறக்கும் முன்பே போய் நிற்க வேண்டும். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. அதன் மேலேயே, "பிளக்கை மாற்றியது நான். இந்தப் பதிலை யாரும் செய்துபார்க்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதி, பெயர் போட வேண்டும்.