கூட்டிச் சொன்னது

யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் பாப்பாயி சாட்சி மேடையில் ஏறினாள். நாமக்கல் நுகர்வோர் நீதிமன்றத்தில் மின்விசிறி தலைக்கு நேர் மேலே சுற்றியது. அப்படியும் முதுகில் வேர்வை வழிந்தது. கடைசி பெஞ்சில் மகள் ரஞ்சிதா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாயியின் புருஷன் செங்கோடன் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது. தை மாதம் சோளக்காடு சந்தையில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பதினாலு மாதம் முன்னால்தான் அஞ்சு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தான். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் கம்பெனி கையை விரித்துவிட்டது. எல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த ஒரே வரியால் வந்த வினை: ‘இரண்டு வருடமாக நெஞ்சுவலி – மனைவி சொன்னது.’ இருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்று கடிதம் வந்தது.

சொன்னது பாப்பாயிதான். மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நோயைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். காலையிலிருந்து வலி என்றால் வாய்வு என்று ரெண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எழுபது வளைவு ஏறி வீடு சேர்ந்தபிறகு மறுபடி வலித்தால் யார் தூக்கிக்கொண்டு வருவது? அதனால் ரெண்டு நாள் காய்ச்சல் பத்து நாளாகும், பத்து நாள் மாதமாகும். அப்போதுதான் கட்டில் கிடைக்கும். அன்றைக்குப் பாப்பாயியும் பதறியடித்து, “ரெண்டு வருசமா நெஞ்சு வலிக்குதுங்க சாமி” என்றாள். உடனே கட்டில் கொடுத்தார்கள். ஒரு வருடம் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

“பயத்துல கூட்டிச் சொன்னேன்னு அப்படியே சொல்லிரும்மா. அதுதான நெசம்?” என்று அவளுடைய வக்கீல் பானுமதி காலையில் கேட்டிருந்தாள்.

“அதுதானுங்க நெசம்.”

பணம் வந்தால் ரஞ்சிதா இந்த வருடமே காலேஜ் சேரலாம். வராவிட்டால் நூல் மில்லுக்கு ஆள் எடுக்க மலைக்கு வரும் வேனில் ஏறவேண்டியதுதான். அந்த வேனில் ஏறிப்போன பெண்கள் தீபாவளிக்கு எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதைப் பாப்பாயி பார்த்திருக்கிறாள்.

கம்பெனி வக்கீல் சின்ன வயதுக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏம்மா, டாக்டர்கிட்ட நீங்க சொன்னது உண்மையா, பொய்யா?”

“பயத்துல வந்திருச்சுங்க.”

“உண்மைன்னா, ரெண்டு வருசமா வலியோட இருந்த புருசனை ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்திருக்கீங்க. பொய்யின்னா, உசுருக்குப் போராடற மனுசனைப் பத்தி டாக்டர்கிட்டயே பொய் சொல்லியிருக்கீங்க. ரெண்டுல எதும்மா?”

பாப்பாயிக்கு வீட்டுக்கு ஏறும் மேட்டுப் பாதைதான் ஞாபகம் வந்தது. செங்கோடன் காட்டிலிருந்து மேடேறி வரும்போது பாதி வழியில் நின்றுவிடுவான். பீடிக்குத்தான் நிற்கிறான் என்று நினைத்து, “ஏனுங்க, அங்கயே குடியிருக்கறீங்களா?” என்று இவள் மேலே இருந்து கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே வருவான். எப்போதிலிருந்து அப்படி நின்றான்? பாலிசிக்கு முன்னாலா, பின்னாலா? மாடு கன்று போட்ட நாள் ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. வலி இருந்திருந்தால் என்னிடம் சொல்லாமலா இருந்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

“பொய்யிங்க” என்றாள். “அவருக்கு ஒரு வலியும் இல்லீங்க. நாந்தான் பொய் சொன்னேன்.”

அதைத் தட்டச்சு செய்துகொண்டார்கள். வெளியே வந்ததும் பானுமதி அவள் தோளைத் தட்டினாள். “நல்லாச் சொன்னம்மா. அடுத்த மாசம் உத்தரவு. நமக்குத்தான் வரும்னு நெனைக்கறேன்.”

பஸ்ஸில் உட்கார்ந்தபோது பாப்பாயிக்கு வெகுநாள் கழித்து மனசு லேசாக இருந்தது. நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆனாள்; ஆகட்டும். புருஷன் வலியோடு நடமாட, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் என்ற பேர் இல்லையே. அது போதும் அவளுக்கு.

மலையடிவாரத்தில் காரவள்ளி தாண்டி முதல் வளைவு திரும்பியபோதுதான் ரஞ்சிதா அழுவது தெரிந்தது.

“எதுக்கு கண்ணு அழுவற? அதான் நல்லபடியா முடிஞ்சுதே.”

“அப்பாவுக்கு வலி இருந்துச்சும்மா.”

“எப்ப இருந்து கண்ணு?”

“நான் ஒம்பதாவது படிக்கறப்பவே. மொளகு பறிக்க ஏணி புடிக்கப் போனன்ல, தை மாசம். பாதியில எறங்கி, நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. அம்மாகிட்டச் சொன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைவா, சொல்லாத சாமின்னாரு. அப்புறந்தான் அவராவே போயி இன்சூரன்ஸ்காரரை ஊட்டுக்குக் கூட்டியாந்தாரு...”

அவர் கண்ணை மூடியபோது ரஞ்சிதா பதினொன்றாவது. அதுவும் தை மாதம்தான். சரியாக ரெண்டு வருடம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாப்பாயி சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். இறங்கிவரும் லாரிக்கு வழிவிட பஸ் வளைவில் நின்றது. உள்ளங்கையில் ரஞ்சிதாவின் மூச்சு சுட்டது. கண்ணீர் விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டுவரை வந்தது. லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. பஸ் உறுமிக்கொண்டு அடுத்த வளைவை ஏறத் தொடங்கியது. பாப்பாயி கையை எடுக்கவில்லை.