நாற்பத்தோரு டேக்

காலை ஒன்பது ஐந்துக்கு அந்தச் செய்தி வந்தது. சீருடைக் காலரைத் தையல் மெஷினில் பாதியில் விட்டுவிட்டு அவள் போனை எடுத்தாள்.

'படம் நிறுத்தப்படுகிறது. இன்றோடு ஸ்டுடியோவைக் காலி செய்கிறேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும்.'

முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆரம்பித்த அனிமேஷன் படம். ஆறு மாதத்தில் வர வேண்டியது. நான்கு வருடம் ஆகிவிட்டது. இதுவரை முப்பது அறிவிப்பு. ஒவ்வொன்றிலும் 'தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பணம் போட்டவர்கள் டைரக்டருக்குத் தொண்ணூறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளுக்குப் படம் வராவிட்டால் போகட்டும். அதற்குள் இருந்த குரல் வேண்டும்.

அவள் கணவர் மொத்த மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூவியவர். மைக்செட் என்று பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே எல்லோரும் அவரைக் கை காட்டுவார்கள். பணம் போட்டவர்களில் பத்துப் பேருக்குப் படத்தில் ஆளுக்கொரு வசனம் பேச வாய்ப்பு. அவரும் போய்ப் பேசிவிட்டு வந்தார். கலங்கரை விளக்கக் காவலாளி வேஷம்.

இரண்டு வருடம் கழித்துத் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தார். வார்டில் அவருடைய போன் திருடு போனது. வீட்டில் எடுத்த வீடியோக்களும் அதோடு போயின. அவளிடம் அப்போது இருந்தது பட்டன் போன். அந்த ஸ்டுடியோவைத் தவிர வேறெங்கும் அவர் குரல் மிச்சமில்லை.

உள்ளே அவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"நூல் தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவு திறந்தே கிடக்க, இரண்டு பேர் மேஜையைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். சின்ன வயசு. தாடியில் மட்டும் நரை.

"யாருங்க?"

"லைட்ஹவுஸ் காவலாளியோட வீட்டுக்காரி."

பதறி எழுந்தான். "அக்கா, பணத்தை இப்ப உடனே..."

"பணத்தை யாரு கேட்டா? அவர் பேசினது எங்க?"

அவன் தலை குனிந்தான். "அந்தக் காட்சியையே வெட்டிட்டேன்க்கா."

அவள் பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"நாலு வருஷமா என்னதான் பண்ணிட்டு இருந்தே தம்பி?"

"எதை வெச்சுக்கறது, எதை விடறதுன்னு முடிவு பண்ணவே வரலக்கா எனக்கு. ஒரே மேகத்தை எண்பது தினுசா வரைஞ்சு வெச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரரை அந்த ஒரு வரியை நாற்பத்தோரு தடவை பேச வெச்சேன். படத்துலேர்ந்து வெட்டுவேனே தவிர, எதையும் அழிக்க மனசு வராது."

அவள் தலை நிமிர்ந்தது.

"எதையுமா?"

"எதையும்..." என்றவன் பாதியில் நிறுத்தி வாசல் பக்கம் திரும்பினான். கம்ப்யூட்டர் ஒரு ஆளின் தோளில் ஏறியிருந்தது.

"அண்ணே! இறக்குங்க! பத்து நிமிஷம்!"

"காலைலேர்ந்து நாலு தடவை பத்து நிமிஷம் சொல்லிட்டீங்க சார். கடைக்குப் போனதும் எல்லாத்தையும் அழிச்சு வேற ஆளுக்குக் கைமாத்தணும். வண்டி நிக்குது."

அவள் போய் வாசலை மறித்து நின்றாள். "வண்டி நிக்கட்டும். இவரு சொல்ற பத்து நிமிஷம் இல்லைப்பா, நான் சொல்றேன்."

தூக்கியவன் தொண்ணூறின் முகத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இறக்கி வைத்தான்.

தொண்ணூறின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. நாற்பத்தோரு துண்டும் அவள் போனுக்கு ஏறின.

"போட்டுக் காட்டட்டுமாக்கா?"

"வேண்டாம். அவர்தான் முதல்ல கேக்கணும்."

வீட்டில் கட்டில் நுனியில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் போன்.

"விளக்கை அணைக்காதே! இன்னும் ஒரு படகு வரணும்!"

ஏலக்காரர் விறைத்துப்போனார். கை தானாகத் தொண்டைத் துளைக்குப் போனது.

"சார், தக்காளி விக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் மெதுவா" என்றது தொண்ணூறின் குரல். மறுபடி. மறுபடி. பத்தொன்பதாவது டேக்கின் நடுவில் ஒரு போன் மணி அடித்தது.

"சொல்லு மெஷினு... நூலா? கறுப்பா, வெள்ளையா?... சரிம்மா, கத்தாதே. இந்த வீட்டுல கத்தறதுக்குச் சம்பளம் வாங்கறவன் நான்தான்."

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வயசான காலத்தில் சினிமா ஒரு கேடா என்று திட்டிவிட்டு வைத்த போன் அது. மெஷினு. அவளுக்கு அவர் வைத்த அந்தப் பெயரை, குரல் போன பிறகு சிலேட்டில் அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

நாற்பத்தொன்றும் முடிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிலேட்டை இழுத்து எழுதினார்.

'படம் எப்ப வருமாம்?'

காலையில் வந்த செய்தியை அவள் இன்னும் காட்டவில்லை.

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சாம்" என்றாள்.

அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லாமல் வெகுநேரம் சிரித்தார். பிறகு போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பத்தொன்பதைத் தேடினார்.