பச்சை அட்டை வீடு

மதியம் ஒரு மணிக்கு ஆற்றுத் தண்ணீர் அபாயக் குறியைத் தொட்டுவிட்டதாகத் தகவல் வந்தபோது, ஃபாரம் அக்கா பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சுகாதார நிலையத்துச் செவிலி. இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி வெள்ளத் தயார்நிலைப் படிவம் நிரப்பியதில், அவள் ஊசி போட்ட காலத்தை ஊர் மறந்துபோய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

படிவத்தில் இருபத்தேழு கேள்விகள். மூன்று நாளைக்குக் குடிதண்ணீர் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால், "குழாயில மூணு நாளைக்கு ஒருதரம்தான் வருது. பிடிச்சு வைக்காம என்ன பண்றது? எழுதிக்கோ" என்பார்கள். டார்ச் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார்கள். பேட்டரி போட்டிருக்கிறீர்களா என்று கேட்க, நாற்பதாவது வீட்டுக்கு மேல் அவளுக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் கதவில் ஓர் அட்டை. நடக்க முடியாதவர் இருந்து, தூக்கிவர ஆள் இல்லாத வீட்டுக்குச் சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை. வெள்ளம் வந்தால் டிராக்டர் சிவப்பு வீடுகளுக்குப் போகும். பச்சைக்காரர்கள் தாங்களே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் நிரப்பியது அவள் வீட்டுப் படிவத்தைத்தான். இடுப்பு எலும்பு முறிந்து நான்கு மாதமாகக் கட்டிலில் கிடக்கும் மாமனாரை மறைக்காமல் எழுதியிருந்தாள். இருபதாவது கேள்வி, அவரை அழைத்துவரும் பொறுப்பு யாருடையது என்பது. கணவன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. 'மருமகள்' என்று எழுதினாள். பச்சை அட்டை கிடைத்தது. வெள்ளம் வரும் நாளில் மருமகள் எங்கே இருப்பாள் என்று படிவம் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

காலை ஆறு மணிக்கே முகாம் பணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வெறும் எச்சரிக்கைதான், மதியம் ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்தவள். இப்போது கைப்பேசியை எடுத்தாள்.

"மாமா, தண்ணி எங்க நிக்குது?"

"வாசப்படியில உட்கார்ந்திருக்கு. உள்ள வான்னு நான் இன்னும் கூப்பிடல."

"விளையாடாதீங்க. உள்ள வந்துருச்சா?"

"வரலம்மா. கதவுல பச்சை அட்டை தொங்குதில்ல, அதைப் பார்த்துட்டுத் தயங்குது. நீ உன் வேலையைப் பாரு."

வேலை மேசை மேல் கிடந்தது. அவள் வீடு இருக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகத் தாழ்வான பாலம் ஒன்றுதான். மூன்று மணிக்கு அது மூழ்கும் என்று கணித்திருந்தார்கள். டிராக்டர் ஒரு நடை முடித்துத் திரும்பியிருந்தது. பாலம் மூழ்குவதற்குள் இன்னும் ஒரு நடைதான். அதில் ஏற வேண்டிய சிவப்பு வீட்டுக்காரர்கள் ஆறு பேர்.

முகாம் அதிகாரி தூணில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே யாருடனோ பேசி முடித்தார்.

"சார், என் வீட்டைச் சிவப்புல சேர்க்கணும்."

"உங்க வீடா? மாதிரி வீடுன்னு போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேனே!"

"கூட்டிட்டு வர்ற ஆள்னு என் பேரை எழுதினேன். நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "இன்னிக்குப் பார்த்து மாத்தினா ஊர் என்ன பேசும்? ஃபாரம் அக்கா ஊரை விட்டுட்டுத் தன் வீட்டைப் பார்த்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"பேசட்டும் சார்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. "என் வீடு மட்டும் இல்ல. லைன்மேன் அவங்க அம்மாவுக்குத் தன் பேரைத்தான் கொடுத்தார். அவர் காலையிலேர்ந்து கம்பத்துல நிக்கிறார். மதகு ஆபரேட்டர் வீடும் அப்படித்தான். பொறுப்பான ஆள் இருக்கிற வீடுன்னு பார்த்துப் பார்த்துப் பச்சை கொடுத்தேன். அவங்க எல்லாருக்கும் இன்னிக்கு டூட்டி."

"எத்தனை வீடு?"

"ஃபாரம் கட்டைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"பாருங்க," என்றார். திட்டக்கூட அவரிடம் தெம்பில்லை.

கட்டைப் பிரித்தாள். ஒன்பது வீடு தேறியது. பாலத்துக்கு அப்பால் நான்கு. பாதை போகும் வரிசையில் அந்த நான்கையும் எழுதினாள். அவள் வீடு தெருக்கோடி, கடைசியாக வந்தது. அதை மேலே ஏற்றி எழுதப் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்னும் பின்னுமாக அலைந்தால் டிராக்டர் பாலத்தைத் தாண்டித் திரும்பாது.

டிராக்டர்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஆறுன்னு சொல்லிட்டுப் பத்தா? ட்ரெய்லர் என்ன ரயில் வண்டியாக்கா?"

"நிக்க முடிஞ்சவங்களை நிக்க வைங்க தம்பி."

"கடைசி உங்க வீடாச்சே?"

"ஆமா. முடிஞ்சா..." அவர் சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஏறினார்.

இரண்டரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு. "ஒன்பது பேரை ஏத்திட்டேன். உங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, வண்டி போகாது. தூக்கிட்டு வர என்கூட ஒரு ஆள் வேணும்."

"யாரு இருக்கா?"

"மாமியார்கூட வண்டியில வந்த லைன்மேன் சம்சாரம் இறங்கிட்டாங்க. வேண்டாம்னா கேக்கலை. போறோம்."

அதற்குப் பிறகு மாமனாரின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் வந்தவர்களின் பெயரைப் பதிந்தாள், மாத்திரை கொடுத்தாள், கழிவறை எந்தப் பக்கம் என்று ஏழு பேருக்குச் சொன்னாள்.

மூன்றைத் தாண்டி எட்டு நிமிடம். சக்கரம் பாதி நனைந்து டிராக்டர் வாசலில் நின்றது. கயிற்றுக் கட்டிலோடு அவரை இறக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. லைன்மேன் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபோன் தண்ணியில விழுந்துருச்சும்மா," என்றார் மாமனார், ஏதோ தட்டை உடைத்துவிட்டவர் போல.

அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஈரத் துணியை மாற்றி இரண்டு போர்வை போர்த்தினாள். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. உட்காரவில்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து வீடு பாக்கி. மேசைக்குத் திரும்பி முதல் எண்ணை அழுத்தினாள். மதகு ஆபரேட்டர் வீடு. அவர் மனைவி எடுத்தாள்.

"ஃபாரம் அக்கா பேசறேன். உங்க வீட்டுப் பெரியவரைக் கூட்டிட்டு வர இப்ப வீட்டுல யார் இருக்கா?"

"நீங்கதானேக்கா எழுதிட்டுப் போனீங்க, அதுல இருக்குமே?"

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன். இப்ப, இந்த நிமிஷம், யார் இருக்கா சொல்லுங்க."

"தூக்க யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்."

அவள் அந்த வீட்டைச் சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டு, இன்னொரு நடை என்று டிராக்டர்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.