பந்தும் சதுரக்கட்டையும்

பிறந்தபோதே பிரம்புக்காரியின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிப் பிழைத்ததால் வந்த பெயர் அது. தன் அக்காவின் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அக்காவின் கைக்குழந்தைக்கும் கண்ணில் அதே வெள்ளை. அந்தக் குழந்தைக்காகத்தான் அவள் கண்மருத்துவரிடம் போகவே ஒப்புக்கொண்டாள்.

“முதல்ல என் கண்ணுல ஊசி வைக்கட்டும். எனக்கு நல்லானா பாப்பாவுக்கும் செஞ்சுக்கலாம்” என்றாள்.

படித்தவர்கள் மத்தியில் புதுக் காற்று வீசிக்கொண்டிருந்த காலம் அது. முன்னோர் எழுதிவைத்ததை அப்படியே விழுங்காதே, சந்தேகப்படு, நீயே சோதித்துப் பார் என்றார்கள். கண்மருத்துவரின் கைக்கு அத்தனை நேர்த்தி வந்ததும் அப்படிச் சோதித்துச் சோதித்துத்தான். அவருக்கு ஒரு நண்பர் இருந்தார், தத்துவ ஆசிரியர். மனித மனம் பிறக்கும்போதே கொஞ்சம் அறிவைக் கொண்டுவருகிறதா, வெறும் வெள்ளைத்தாளாகப் பிறக்கிறதா என்ற கேள்வி அந்த மனிதரைப் பேய்போலப் பிடித்து ஆட்டியது.

வெள்ளையை விலக்கும் ஊசி கண்ணில் இறங்கியபோது பிரம்புக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணுக்குக் கட்டுப் போட்டபின் கைகளுக்கும் தடித்த துணிப்பைகளை மாட்டி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார்கள்.

“வைத்தியம் கண்ணுக்குத்தானே, கைக்கு எதுக்குங்க?”

“தூக்கத்துல கண்ணைக் கசக்கிடுவம்மா, அதான்” என்றார் மருத்துவர். அவள் நம்பினாள்.

கண்கட்டை அவிழ்த்த அன்று வெளிச்சம் முகத்தில் அறைந்தது. எது கிட்டத்தில், எது தூரத்தில் என்று பிடிபடவில்லை. எல்லாமே கண்ணோடு ஒட்டிக்கொண்டு மொய்த்தன. மேஜைமேல் இரண்டு பொருளை வைத்தார் தத்துவ ஆசிரியர்.

“இதுல எது பந்து, எது சதுரக்கட்டை?”

“கையில குடுங்க, சொல்லிடறேன்.”

“கையில குடுத்தா கை சொல்லும். உன் கண்ணு என்ன சொல்லுது?”

அவளுடைய கண் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கறைகள் தெரிந்தன, அவ்வளவுதான்.

“பார்த்தீரா! தாளில் ஓர் எழுத்துக்கூட இல்லை” என்று துள்ளினார் தத்துவ ஆசிரியர். மருத்துவருக்கு மனம் ஒப்பவில்லை. “பயத்தில் தடுமாறுகிறாள். நாளைக்கும் கேட்போம்” என்றார். அவள் அங்கே உட்கார்ந்திருப்பது இருவருக்கும் நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை.

மறுநாளும் கேட்டார்கள், அதற்கு மறுநாளும் கேட்டார்கள். கண் ஆறிய பிறகும் பைகளைக் கழற்றவில்லை. வேலைக்காரி வாய் திறக்காமல் சோறு ஊட்டிவிட்டுப் போனாள். தன் முகத்தைக்கூடத் தொட்டுப் பார்க்க முடியாமல், தான் இன்னும் இருக்கிறோமா என்றே பிரம்புக்காரிக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது.

ஒரு பிற்பகல் அவர்களோடு இன்னொருவரும் உள்ளே வந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. வந்தவர் பேசவில்லை.

“இது யாரு, சொல்லு” என்றார் தத்துவ ஆசிரியர்.

உயரமாக ஒரு கறை. அதன் மேல்பக்கம் ஏதோ ஈரமாக மின்னியது. “தெரியலைங்க. யாரோ.”

அப்போது ஒரு குழந்தை சிணுங்கியது. பிரம்புக்காரி சத்தம் வந்த பக்கம் பை மாட்டிய கையை நீட்டினாள். “அக்கா?”

“பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கடி” என்று அக்கா உடைந்து அழுதாள்.

தத்துவ ஆசிரியர் குழந்தையை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய் இமையைத் தூக்கிப் பார்த்தார். “இவள் வளர்ந்தவள். கை தடவித் தடவி மனசெல்லாம் கிறுக்கிவைத்துவிட்டது. இது இன்னும் எழுதாத தாள். இருட்டறையில், யார் பேச்சும் காதில் விழாமல், எதையும் தொடாமல் சில வருஷம் வளரட்டும். அப்புறம் கண்ணைத் திறந்தால் நமக்குப் பதில் கிடைத்துவிடும்.”

“வலிக்காது” என்றார் மருத்துவர், யாரையும் பார்க்காமல்.

“பாப்பாவைப் புடுங்கிட்டு ஓடுக்கா!” என்று அலறிய பிரம்புக்காரி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அக்கா குழந்தையைப் பறித்துக்கொண்டு, தங்கையை மறுகையால் பிடித்து இழுத்தபடி படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. மேலிருந்து மருத்துவரின் குரல் மட்டும் சாந்தமாக வந்தது: “இந்தப் பக்கத்துல இந்த ஊசி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எனக்கு அவசரமில்லை.”

வீட்டில் பிரம்புக்காரி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இது குவளை, இது கதவு, இது அக்காவின் மூக்கு. ஒருநாள் வாசலில் நின்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துத் தன்னை மறந்து சிரித்தாள். திரும்பினால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

“நீ பாத்துட்ட” என்றாள் அக்கா. “இவ?”

அதன்பிறகு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் குறைந்துபோயிற்று.

ஒரு காலை எழுந்து பார்த்தால் தொட்டில் காலியாக இருந்தது. பிரம்புக்காரி தெருவில் ஓடினாள். வண்டிகளின் நிழலைப் பள்ளமென்று நினைத்துத் தாண்டி விழுந்து, எழுந்து ஓடினாள். மருத்துவர் வீட்டுப் படியில் அக்கா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணு குடுத்துடுவாங்கடி. சத்தியம் பண்ணிருக்காங்க. கொஞ்ச வருஷம்தான்.”

“அழுதாளா?”

“கதவு வரைக்கும் என் விரலை விடவே இல்லடி.”

பிரம்புக்காரி கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். உள்ளே நடப்பதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“படிச்ச பெரிய மனுஷங்கம்மா. யோசிக்காமலா செய்வாங்க?” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

மாடியில் யாரோ உள்பக்கமிருந்து ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தியபோது சுத்தியல் ஒரு கணம் நின்றது. பிறகு நிதானமாக, அடுத்த ஆணியில் இறங்கியது.