பதினேழாம் பக்கம்

அந்த ஆண்டு போலந்தின் லூப்ளின் நகரில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் இரண்டு பேர் கையிலாவது அந்தத் துப்பறியும் நாவல் இருந்தது. டிமோன் வீட்டில் இருந்தது நூலகப் பிரதி. அவன் மனைவி சபினா எடுத்து வந்தது. ஏப்ரலில் சபினா இறந்துவிட்டாள். அக்டோபர் கடைசி வரை புத்தகம் திரும்பவில்லை.

முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அவள் வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது. மீதி நாற்பது பக்கம். மருத்துவமனையில், மறுநாள் தானே வாசித்துக் காட்டுவதாக டிமோன் சொன்னான். சரி என்றாள். அந்த மறுநாள் வரவில்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமலே போய்விட்டாள் என்பது ஆறு மாதமாக அவன் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அவனும் அந்த டிக்கெட் வரை படித்து நிறுத்தியிருந்தான். அன்று அக்டோபர் முப்பத்தொன்று. விடிந்தால் நவம்பர் ஒன்று. ஊரே விளக்கோடு கல்லறைக்குப் போகும் நாள். மீதியை அங்கே உட்கார்ந்து அவளுக்குப் படித்துவிடுவதாக இருந்தான். அதற்குள் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு நூலகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. இரண்டு நாள் தவணை கேட்கப் போனான்.

முப்பத்தெட்டுப் பேர் காத்திருப்பதாக நூலகர் தனுதா அம்மாள் சொன்னார். வரிசையில் முதல் ஆளான யாத்விகா, ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"ஆளு யாருன்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி. புக்கு எப்படி?"

டிமோன் யோசித்தான். மூன்றாம் அத்தியாயத்தில் துப்பறிபவனின் மனைவி சாகிறாள். நான்காம் அத்தியாயத்தில் அவன் கூரை கூரையாகத் தாவுகிறான்.

"பொண்டாட்டி செத்த மறுநாளே கூரை மேல ஓடுறான். அவனுக்கு எந்த ஆபீஸ்லயும் வரிசை இல்ல போல. சபினா போன் நம்பரை நிறுத்தவே எனக்கு மூணு வாரம் ஆச்சு."

யாத்விகா சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்.

டிக்கெட் இருந்த பக்கத்தைக் காட்டி, தவணை எதற்கென்று அவன் சொன்னான். தனுதா அம்மாள் புத்தகத்தை வாங்கிப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலில் ஒரு வட்டம், ஒரு சிலுவை, ஒரு இலை, ஒரு மீன். ஏதோ குழந்தை கிறுக்கியது என்று டிமோன் நினைத்திருந்தான்.

துப்பறியும் நாவல்களுக்கு அட்டை எல்லாம் ஒரே மாதிரி. படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, பழைய வாசகர்கள் பதினேழாம் பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் போடுவார்கள். நூலகர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். மீன் சபினாவுடையது என்றார் தனுதா அம்மாள். அதன் குறுக்கே ஒரு கோடு இருந்தது.

"கோடுன்னா?"

"முடிக்கலன்னு அர்த்தம். போதும், இனிமே இதை என் கைல குடுக்காதேன்னு."

யாத்விகா எட்டிப் பார்த்தார். "நல்லா அழுத்தித்தான் போட்டிருக்கா. ஆனாலும் முந்நூத்திப் பத்துப் பக்கம் பொறுத்திருக்கா பாருங்க."

டிமோன் அந்தப் பென்சில் கோட்டை விரலால் தடவினான். வாசித்துக் காட்டச் சொல்லி அவள் கேட்கவேயில்லை. அவன்தான் சொன்னான். அந்த மறுநாள் வந்திருந்தால், நாற்பது பக்கத்தையும் முகம் சுளிக்காமல் கேட்டிருப்பாள்.

டிக்கெட்டை எடுத்துக்கொண்டு புத்தகத்தை யாத்விகாவிடம் தள்ளினான்.

"கோடு போடாத மீன் ஏதாவது இருக்காம்மா?"

கணினியைப் பார்க்காமலே தனுதா அம்மாள் அலமாரிப் பக்கம் போனார். உப்புச் சுரங்கத்தில் வேலை செய்த ஒரு குதிரையைப் பற்றிய மெலிந்த நாவலோடு வந்தார். முதுகு கிழிந்து ஒட்டியிருந்தது. பதினேழாம் பக்கத்தில் இரண்டு மீன்கள்.

"தெரிஞ்சேதான் ரெண்டாவது தடவையும் எடுத்தா," என்றார்.

தொண்ணூறு பக்கம். டிமோன் டிக்கெட்டை முதல் பக்கத்தில் வைத்தான். தனுதா அம்மாள் நவம்பர் முப்பது என்று முத்திரை குத்தினார். நாளைக்கே படித்து முடித்துவிடலாம் என்று அவன் சொன்னான். ஆனாலும் தேதியை மாற்றச் சொல்லவில்லை.